ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்



பதினான்கு மாதங்களாக ஒரு மத்தியச் சிறையிலிருந்து நமது இதழுக்குக் கடிதம் வந்துகொண்டிருக்கிறது. எந்தச் சிறை, யார் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். விடுதலையாகிப் போன யாரோ விட்டுவிட்டுப் போன, அட்டை கிழிந்த பழைய இதழ் ஒன்று அவர் கைக்குக் கிடைத்திருக்கிறது. முதல் கடிதத்தில் நம்மைப் பாராட்டவில்லை. அதில் வந்த கதையைத் திட்டியிருந்தார். "நீங்க எழுதற சேரி பாஷை எந்த சேரியிலயும் யாரும் பேசல சார், காலேஜ்ல பேசறாங்க போல" என்று இருந்தது. அந்தக் கதையை எழுதியவன் நான்தான். பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. இப்படி ஆரம்பித்தது.

இதுவரை பத்தொன்பது கடிதங்கள். ஒவ்வொன்றிலும் சிறையின் முத்திரை. நாம் எழுதுவதை நமக்கு முன்னால் இன்னொருத்தர் படித்திருக்கிறார் என்ற நினைப்போடு எழுதுவது ஒரு தனி எழுத்து. அவர் அதை என்னைவிட நன்றாகக் கற்றிருந்தார். சாப்பாடு பற்றி, மழை பற்றி, வார்டில் ராத்திரி யார் பாட்டு பாடினார் என்பது பற்றி எழுதுவார். என்ன வழக்கு என்று அவர் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது மரியாதையா, சோம்பலா என்பதற்குப் பிறகு வருகிறேன்.

பதினேழாவது கடிதத்தில் பணம் கேட்டார். "தோழர், ஒரு ஆயிரத்து ஐந்நூறு அனுப்ப முடியுமா? எனக்கு மனு வந்து மூணு வருஷம் ஆச்சு. சோப்பு, பேஸ்ட்டு, செருப்பு, ஊறுகாய், இன்லேண்ட் லெட்டர். திருப்பித் தரேன்னு பொய் சொல்ல மாட்டேன்." அவ்வளவுதான்.

'மனு' என்றால் கோரிக்கை மனு என்று படிக்கும் கல்லூரித் தோழர்களுக்காக ஒரு வரி. ஜெயிலில் இருக்கிறவரைப் பார்க்க எழுதிக் கொடுப்பதும் மனு, பார்க்கிறதும் மனு. 'மனு இல்லாதவன்' என்றால் பார்க்க நாதியில்லாதவன். பெரும்பாக்கத்தில் சின்னப் பிள்ளைகளுக்கும் இந்தச் சொல் தெரியும்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குப் போனேன். கூட்டம் என்றால் ஏழு பேர், ஒரு பாய், ஒரு ஃபேன். இதழின் கையிருப்பு நாலாயிரத்து இருநூறு. அடுத்த இதழின் காகிதத்துக்கே அது போதாது. சட்டக் கல்லூரியில் படிக்கும் தோழர் ஒருவர் முதலில் பேசினார். அவர் சொன்னதை நியாயமாகவே பதிவு செய்ய வேண்டும். "இது ஆரம்பிச்சா நிக்காது தோழர். இன்னைக்கு ஒருத்தர், நாளைக்கு அந்த வார்டே எழுதும். நாம என்ஜிஓ இல்ல. கேஸ் நடத்த வக்கீல் வேணுமா, செய்யலாம். பரோலுக்கு மனு எழுதணுமா, எழுதலாம். சோப்பு வாங்கித் தர்றது இயக்கத்தோட வேலையா? காசு குடுத்துட்டா அப்பறம் அவரு நம்ம கதையத் திட்டுவாரா? 'ஐயா நல்லா இருக்குதுங்க'ன்னுதான் எழுதுவாரு."

கடைசி வாக்கியம் என்னைக் குத்தியது. என்னைத் திட்டி எழுதியதால்தானே அவர் எனக்குத் தோழர் ஆனார்?

இன்னொரு தோழர் வேறு பயத்தைச் சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன்னால் 'உள்ளே இருந்து வந்தவன்' என்று சொல்லி ஒருவர் நம்மோடு மூன்று நாள் தங்கி, போகும்போது சந்தாதாரர் நோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதில் இருந்த முகவரிகளுக்கெல்லாம் எழுதிப் பணம் கேட்டிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. (யாரும் அனுப்பவில்லை. நமக்கே சந்தா அனுப்பாதவர்கள் அவருக்கா அனுப்பப் போகிறார்கள்!)

இந்தப் பேச்சு நடக்கும்போது டீ கொண்டுவந்த எதிர்வீட்டு அக்கா வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மகன் ஒன்பது மாதம் உள்ளே இருந்து வந்தவன். "சோப்புன்னா உங்களுக்கு சிரிப்பா இருக்குது. உள்ள காசு வராத பையன் என்னா பண்ணுவான் தெரியுமா? காசு வர்ற பையன் துணிய தொவைப்பான். அவன் தட்ட கழுவுவான். எம்புள்ள தொவைச்சான்" என்றார். பாயில் உட்கார்ந்திருந்த ஏழு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

சோப்பு சின்ன விஷயம் என்று நினைத்ததில் என்ன தவறு என்று அந்தக் கணத்தில் எனக்குப் புரிந்தது. ஊரில் நம் பாட்டன் யாருடைய துணியை வெளுத்தான், யாருடைய மலத்தை அள்ளினான் என்பதை நூறு இதழ்களில் எழுதியிருக்கிறோம். சிறைக்குள் அதே வேலைப் பங்கீடு, கேண்டீன் கணக்கில் யாருக்குக் காசு இருக்கிறது என்பதை வைத்து மறுபடி நடக்கிறது. காசு இல்லாதவன் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அந்த விசாரணைக் கைதிகளில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். 2011 மக்கள்தொகைக் கணக்கில் நாட்டில் நம் பங்கு 16.6 விழுக்காடுதான்.

இதற்கு மேல் சட்டத்திலேயே எழுதிவைத்த சாதி வேறு. பல மாநிலச் சிறை விதிகள் துப்புரவை ஒரு சாதிக்கும் சமையலை இன்னொரு சாதிக்கும் ஒதுக்கி வைத்திருந்தன. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் 2024 அக்டோபர் 3-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அவற்றைச் செல்லாது என்றது. அதே தீர்ப்பில் நம் பாளையங்கோட்டையும் வருகிறது. அங்கே சாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்து அடைத்ததை எதிர்த்து முன்பு வழக்கு போட்டபோது, சண்டையைத் தவிர்க்கத்தான் பிரிக்கிறோம் என்ற அரசின் வாதத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஊரும் சேரியும் தனித்தனியாக இருந்தால் சண்டை வராது என்று ஊர்க்காரன் சொல்வதற்கும் அந்த வாதத்துக்கும் என்ன வித்தியாசம்?

பெரும்பாக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சிறையைப் பற்றி எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1837-இல் கட்டப்பட்ட பழைய மத்தியச் சிறை, சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், கூவத்தை ஒட்டி இருந்தது. அந்தக் கூவத்தின் கரையிலேயே நாமும் இருந்தோம். பையன் உள்ளே போனால் அம்மா காலையில் இட்லி விற்றுவிட்டு, நடந்தே போய் மனு பார்த்துவிட்டு, மதியத்துக்குள் வீடு திரும்பலாம். 2006-இல் சிறையைப் புழலுக்குக் கொண்டுபோனார்கள். 2009-இல் பழைய கட்டடத்தை இடித்து நிலத்தை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்தார்கள். கரையில் இருந்த நம்மைத் தெற்கே கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று கொண்டுவந்து போட்டார்கள். இங்கே மட்டும் 20,000-க்கும் மேற்பட்ட வீடுகள். 2019 கடைசியில் தொடங்கி இடிக்கப்பட்ட சத்தியவாணி முத்து நகர் மக்களும் இங்கேதான் வந்தார்கள். தலித் பெண் ஒருவர் மாநிலத்திலும் மத்தியிலும் அமைச்சராக இருந்ததன் நினைவாக ஒரு குடிசைப் பகுதிக்குப் பேர் வைத்து, பிறகு அந்தப் பேரையும் சேர்த்து இடித்த சாதனை நம் நகரத்துடையது.

சிறை நகரத்தின் வடக்கு எல்லைக்கும் கைதியின் தாய் தெற்கு எல்லைக்கும் போய்விட்டார்கள். இடையில் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். பஸ் மாறி மாறி, ஒரு நாள் கூலியை விட்டு, பத்து பதினைந்து நிமிஷம் முகம் பார்த்துவிட்டு வர வேண்டும். வேலூர், கடலூர், திருச்சி என்று மாற்றிவிட்டால் அதுவும் இல்லை. மூன்று வருஷமாக மனு வராதவனைக் குடும்பம் கைவிட்டது என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எத்தனை பேரைப் பஸ் கட்டணம் கைவிட்டது?

அமெரிக்கக் கறுப்புச் சிறுத்தைகளைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். 1972-இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் அந்தப் பெயரிலிருந்துதான் தம் பெயரை எடுத்தார்கள். துப்பாக்கியோடு நிற்கும் படத்தை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் கைதிகளின் குடும்பங்களைச் சிறைக்கு இலவசமாகப் பஸ்ஸில் கூட்டிப்போகும் திட்டம் ஒன்றை அவர்கள் நடத்தினார்கள். கைதிகளுக்குக் கேண்டீன் பொருள் வாங்கித் தரும் திட்டமும் இருந்தது. சோப்பு இயக்கத்தின் வேலையா என்று கேட்ட தோழருக்கு இதைச் சொன்னேன். "அவங்ககிட்ட பஸ் இருந்துச்சு, நம்மகிட்ட நாலாயிரத்து இருநூறு இருக்கு" என்றார். அதுவும் சரிதான்.

கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. பணம் அனுப்பலாம் என்று ஐந்து பேர் கை தூக்கினார்கள். அப்போதுதான் அதே அக்கா கேட்டார்: "சரி, இன்னா கேஸு?"

தெரியாது என்றேன். "பதினாலு மாசமா லெட்டர் போடற, இன்னா கேஸுன்னு கேக்கலியா தம்பி?"

எனக்குள் ஒரு கதை தயாராக இருந்திருக்கிறது. அதை அன்றுதான் கண்டுபிடித்தேன். தலித், ஏழை, சிறையில் இருக்கிறார், ஆகவே பொய் வழக்கு. வெண்மணியை நினைத்துப் பாருங்கள். 1968 டிசம்பர் 25-இல் 44 பேரை எரித்த வழக்கில் நிலவுடைமையாளர்கள் உயர் நீதிமன்றத்தில் விடுதலை ஆனார்கள். இன்னொரு கொலை வழக்கில் கூலித் தொழிலாளிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. இப்படி ஒரு வரலாறு இருக்கும்போது அந்தக் கதை பொய்யில்லை. ஆனால் எல்லோருடைய கதையும் அதுவே என்று நினைத்தேனே, அதுதான் சோம்பல்.

கேட்டு எழுதினேன். பதில் மூன்று வாரம் கழித்து வந்தது. ஒரே பக்கம். "302. என் பொண்டாட்டி. குடிச்சிருந்தேன், ஆனா குடிதான் செஞ்சுதுன்னு சொல்ல மாட்டேன். நான்தான் செஞ்சேன். ஒரு பெண் குழந்தை, மாமியார் கிட்ட இருக்குது. இதைச் சொன்னா நீங்க எழுத மாட்டீங்கன்னு தெரியும், அதான் சொல்லல."

அடுத்த ஞாயிறு அந்தக் கடிதத்தைப் பாயில் வைத்தேன். அக்காவும் இம்முறை உள்ளே வந்து உட்கார்ந்தார். கை தூக்கிய ஐந்து பேரில் மூன்று பேர் கையை இறக்கிவிட்டார்கள். ஒரு தோழர் சமாதானமாக, "குடும்பத் தகராறுல நடந்தது, அது வேற" என்று ஆரம்பித்தார். ஆரம்பித்தது தப்பாகிவிட்டது.

"இன்னா வேற? ஊர்க்காரன் வெட்டுனா வன்கொடுமை, நம்ம ஆளு வெட்டுனா குடும்பத் தகராறா? செத்தது நம்ம பொண்ணு இல்லியா? அவளுக்கு எந்த பத்திரிகையில எழுதுனீங்க?"

நாம் எழுதவில்லை. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், குற்றவாளி பட்டியல் சாதியினராக இருந்தால் பொருந்தாது. சட்டத்துக்கு அது சரி; அது சாதியின் கொடுமைக்காக எழுதப்பட்ட சட்டம். ஆனால் சட்டத்தின் அந்த எல்லையை நம் அக்கறையின் எல்லையாகவும் ஆக்கிக்கொண்டோமா? சேரிப் பெண்ணுக்கு ஊரும் எதிரி, அரசும் எதிரி, வீட்டுக்குள்ளும் ஒருவன் கை ஓங்குகிறான் என்று தலித் பெண் தோழர்கள் தொண்ணூறுகளிலிருந்தே சொல்லி வருகிறார்கள். நாம் தலையாட்டிவிட்டு அதற்கென்று ஒரு சிறப்பிதழ் போட்டோம். மறு இதழில் பழையபடி எழுதினோம்.

ராத்திரி எனக்கு வேறொரு எண்ணம் வந்து தூங்க விடவில்லை. மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடன் வந்தவர்களையும் 1997 ஜூன் 30-இல் வெட்டிக் கொன்றவர்களில் ஆயுள் தண்டனை அனுபவித்துவந்த 13 பேரை 2019 நவம்பரில் தமிழக அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது. நாம் கொதித்தோம். கொதித்தது சரி. அவர்களில் ஒருவன் ஜெயிலிலிருந்து, "செருப்பு இல்லை, ஆயிரத்து ஐந்நூறு அனுப்புங்கள்" என்று நமக்கு எழுதியிருந்தால் அனுப்பியிருப்பேனா? மாட்டேன். ஏன் மாட்டேன் என்பதற்கு ஒரு காரணம் சொல்லலாம்: அவனுக்குச் சாதியே மணியார்டர் அனுப்பும், மனு பார்க்கக் காரில் வருவார்கள். இந்த ஆளுக்கு யாரும் இல்லை. இந்தக் காரணம் உண்மை. ஆனால் செத்துப்போன அந்தப் பெண்ணின் அம்மாவிடம் போய் இதைச் சொல்ல எனக்கு வாய் வருமா?

பெரிய பெயர்களுக்கு நாம் சுலபமாக எழுதுகிறோம். திருச்சிப் பக்கம் பிறந்து ஜார்க்கண்டில் விசாரணைக் கைதிகளுக்காக வழக்காடிய ஸ்டேன் சாமி, நடுங்கும் கையோடு தண்ணீர் குடிக்க உறிஞ்சுகுழல் கேட்டு நீதிமன்றத்துக்குப் போக நேர்ந்தபோது, நாடெங்கும் அவருக்கு உறிஞ்சுகுழல் அனுப்பினார்கள். 2021 ஜூலை 5-இல், காவல் முடியாமலே இறந்தார். அவருக்காக நின்றதில் நமக்கு ஒரு சங்கடமும் இல்லை. குற்றமற்றவனுக்காக நிற்பதில் என்ன சங்கடம்? உள்ளே இருக்கும் பெரும்பாலோர் ஸ்டேன் சாமியும் இல்லை, மேலவளவுக்காரனும் இல்லை. செல்போன் திருட்டு, கஞ்சா, அடிதடி, குண்டாஸ். 1982-ஆம் ஆண்டின் 14-ஆவது சட்டத்தில் உள்ளே போட்டால் ஒரு வருஷம் வரை ஜாமீன் பேச்சே கிடையாது. நாட்டின் தடுப்புக்காவல் கைதிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் தமிழ்நாட்டில்தான் இருந்தார்கள் என்கிறது 2021 கணக்கு.

ஜாமீன் கிடைத்தவனும் வெளியே வருவதில்லை என்பது இன்னொரு கொடுமை. ஷ்யூரிட்டி கொடுக்க ஆள் வேண்டும். ஆளுக்குச் சொத்து வேண்டும், வரி ரசீது வேண்டும். பெரும்பாக்கத்துக்காரர் கையில் இருப்பது ஒதுக்கீட்டு ஆணை. 1978-லேயே மோதிராம் வழக்கில், ஒரு கொத்தனாரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்ட மாஜிஸ்திரேட்டை நீதிபதி கிருஷ்ணய்யர் கண்டித்தார். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், ஜாமீன் கிடைத்து ஒரு மாதத்தில் பிணை கட்ட முடியாதவருக்கு நிபந்தனையைத் தளர்த்துவது பற்றிக் கீழ் நீதிமன்றங்கள் தாமாகவே பரிசீலிக்கலாம் என்றது. அதே ஆண்டு மத்திய அரசு, ஏழை விசாரணைக் கைதிக்குப் பிணைக்காக 40,000 ரூபாய் வரையும் தண்டனைக் கைதிக்கு அபராதம் கட்ட 25,000 ரூபாய் வரையும் தரும் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. 2024 ஜூலையிலிருந்து நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-ஆவது பிரிவு, முதல் முறை வழக்கில் சிக்கியவர் உச்சபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் விடச் சொல்கிறது. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய வழக்குகளுக்கு இது இல்லை. நம் பிளாக்கில் எத்தனை தாய்மார்களுக்கு இது தெரியும்? எதிர்வீட்டு அக்காவுக்கு இதெல்லாம் அன்று நான் சொல்லித்தான் தெரியும். மகன் வந்தே எட்டு மாதம் ஆகியிருந்தது. "முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றார். எதிர்வீடு. நடுவில் நாலடி நடைபாதை.

முடிவை எழுதிவிடுகிறேன். இதழின் நாலாயிரத்து இருநூறிலிருந்து அவருக்கு ஒரு ரூபாயும் போகவில்லை. அதில் பெண் தோழர்கள் உறுதியாக இருந்தார்கள், நான் ஏற்றுக்கொண்டேன். என் கைக்காசிலிருந்து ஐந்நூறு ரூபாய் அனுப்பினேன். நூறு ரூபாய்க்கு அஞ்சு ரூபாய் கமிஷன். ஆயிரத்து ஐந்நூறு என்னிடம் இல்லாததால் ஐந்நூறு இல்லை. அன்று ஆயிரத்து ஐந்நூறு இருந்தது. அவ்வளவு அனுப்பக் கை வரவில்லை. அதற்கு என்னிடம் கொள்கை விளக்கம் ஏதும் இல்லை. அவர் இன்னொருத்தன் துணியைத் துவைக்கக் கூடாது என்பதற்கு அந்த ஐந்நூறு. அவர் செய்ததற்குத் தண்டனை ஆயுள். செருப்பில்லாமல் நடப்பதும் எடுபிடி வேலை செய்வதும் அந்தத் தீர்ப்பில் எழுதியிருக்கவில்லை.

அக்காவிடம் சொன்னபோது திட்டுவார் என்று நினைத்தேன். "அனுப்பு. எம்புள்ளைக்கு யாராவது அனுப்பியிருந்தா வேணான்னா சொல்லியிருப்பேன்? ஆனா அந்தக் கொழந்தைக்கு இன்னா பண்ணப் போற?" என்றார்.

1998-இல் குஜராத் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், கைதிக்கு நியாயமான கூலி கொடுக்க வேண்டும், அதில் ஒரு பகுதியைப் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒதுக்கச் சட்டம் செய்ய வேண்டும் என்றது. அந்தக் குழந்தைக்கு அப்படி ஏதாவது வருகிறதா, பாட்டிக்கு அதைக் கேட்க வழி தெரியுமா என்று அவருக்கு எழுதிக் கேட்டேன். ஊர், விலாசம் கொடுத்தால் நம் பெண் தோழர்கள் இருவர் போய்ப் பார்ப்பதாகவும், இதழிலிருந்து பணம் போவதென்றால் அங்கேதான் போகும் என்றும் எழுதினேன்.

கூட்டத்தில் வேறொன்றும் முடிவானது. மாதத்தின் முதல் ஞாயிறு காலை, இதே வீட்டில், ஜாமீன் உத்தரவு கைக்கு வந்தும் பிள்ளை வெளியே வராத குடும்பங்கள் காகிதங்களோடு வரலாம். சட்டக் கல்லூரித் தோழர் இருப்பார். இலவச சட்ட உதவி மையத்துக்கு மனு எழுதித் தருவார், கூடப் போகவும் செய்வார். முதல் வாரம் பதினோரு பெண்கள் வந்தார்கள். ஆண் ஒருவர்கூட வரவில்லை. எழுதத் தெரிந்த தோழர்கள் இன்னும் இரண்டு பேர் தேவை. டீ உண்டு.

பத்தொன்பதாவது கடிதம் போன வாரம் வந்தது. செருப்பு வாங்கினாராம், சோப்பு வாங்கினாராம், பாக்கிக்கு இன்லேண்ட் லெட்டர். "விலாசம் தர மாட்டேன் தோழர். என் பேரைச் சொல்லி யார் போனாலும் எங்க மாமியார் கதவ சாத்துவாங்க. சாத்தணும். நீங்க போயி அவங்கள மறுபடி அழ வைக்காதீங்க" என்று எழுதியிருக்கிறார். கடைசியில், போன இதழ் கவிதை ஒன்று சுத்தமாகப் புரியவில்லை என்றும் இருந்தது.

இன்னும் பதில் எழுதவில்லை.

ஆசிரியர் குழுவுக்காக
பெரும்பாக்கம்